கடலுக்கு ஒருவர், கரைக்கு ஒருவர்: சென்னை முதல் கடலூர் வரை

சனிக்கிழமை, சென்னை

சென்னையிலிருந்து கடலூர் வரை ஏறக்குறைய 180 கிலோமீட்டர் கடற்கரை. 1746 முதல் 1783 வரை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இந்தக் கரையில் ஒருவர் குடியிருப்பை ஒருவர் பிடித்தார்கள், இடித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள், மறுபடியும் பிடித்தார்கள். பள்ளிக்கூடத்தில் கர்நாடகப் போர்கள் என்று படித்தோம். யார் ஜெயித்தார் என்று சொன்னதோடு பாடம் முடிந்துவிட்டது. எனக்குப் பல நாளாக மனதை அரித்துக்கொண்டிருந்தது வேறொன்று. ஒரு குடியிருப்பு கைவிட்டுப் போகும்போதெல்லாம், அதைக் காக்க வேண்டிய கப்பற்படைத் தலைவரும் கரையில் இருந்த தலைவரும் ஆளுக்கொரு திசையில் நின்றிருக்கிறார்கள். இருவருக்கும் மேலே உத்தரவு போட இந்தக் கரையில் யாரும் இல்லை. மேலிடம் பாரிஸிலும் லண்டனிலும் இருந்தது. ஒரு கடிதம் போக ஆறு மாதத்துக்கு மேல், பதில் வர இன்னொரு ஆறு மாதம். சண்டை நடந்த இடங்களை வரிசையாகப் போய்ப் பார்த்துவிட்டு அன்றன்று இரவே எழுதிவிடுவதாக உத்தேசம்.

முதலில் புனித ஜார்ஜ் கோட்டை. தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் வாசலில் பையைச் சோதித்துத்தான் விடுவார்கள். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அதனால் சனிக்கிழமை வந்தேன். அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மேரி தேவாலயத்துக்குள் போனேன். 1680இல் திறந்த கட்டடம். கூரையில் மரமே இல்லை, முழுக்கச் செங்கல் வளைவு. குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்றே அப்படிக் கட்டினார்கள். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் கோயில் என்பதைவிட வெடிமருந்துக் கிடங்கு என்ற எண்ணம்தான் முதலில் வருகிறது. கடல் பக்கத்திலிருந்து குண்டு வரும் என்ற பயம் இவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறது.

அப்போது கடல் கோட்டைச் சுவருக்கு மிக அருகில் இருந்தது. இன்று நடுவே உள்ள சாலையும் துறைமுகமும் பிற்காலத்தவை. கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில்தான் கரைக்கு வர வேண்டும். ஆணியே அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த படகு அது. அலை மோதும்போது ஆணி அடித்த படகு உடைந்துபோகும், தைத்த படகு வளைந்துகொடுக்கும். நம்மூர் மீனவர்கள் துடுப்புப் போடாவிட்டால் ஐரோப்பியச் சிப்பாய் ஒருவர்கூடக் காலில் ஈரமில்லாமல் கரையேறியிருக்க முடியாது. கப்பலுக்கும் கோட்டைக்கும் இருந்த இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொண்டால்தான் மற்றது புரியும்.

1746 ஜூலையில் பிரெஞ்சுக் கப்பல்களோடு நாகப்பட்டினத்துக்கு எதிரே மோதிய ஆங்கிலக் கப்பற்படைக்குத் தலைவர் பெய்டன். அவருக்கு முன்பிருந்த பார்னெட் சில மாதம் முன்புதான் கடலூரில் இறந்திருந்தார். பெய்டன் மோதலை முடிக்காமல் திருகோணமலைக்கு விலகினார். பிறகு பிரெஞ்சுக் கப்பல்களைத் திரும்பப் பார்த்ததும் வங்காளத்துக்கே போய்விட்டார். சென்னையில் கவர்னர் நிக்கோலஸ் மோர்ஸ். அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர், பெய்டன் ராஜாவின் கப்பற்படை அதிகாரி. கவர்னர் கெஞ்சலாமே தவிர உத்தரவிட முடியாது. கோட்டைக்குள் சண்டைக்கு ஆகக்கூடிய சிப்பாய்கள் சுமார் 200 பேர். செப்டம்பர் 21ஆம் தேதி கோட்டை சரணடைந்தது. (ஆங்கிலேயர் கணக்கில் அது செப்டம்பர் 10. அன்றைக்கு அவர்கள் பழைய நாட்காட்டியில் 11 நாள் பின்னால் இருந்தார்கள். 1752க்கு முந்தைய தேதிகளைப் பிரெஞ்சுக் கணக்கிலேயே எழுதுகிறேன்.)

பிடித்தவர் லா பூர்தொனே. மொரீஷியஸ், ரீயூனியன் தீவுகளின் பிரெஞ்சுக் கவர்னர். தானே கப்பல் சேர்த்து, ஆள் சேர்த்து, மடகாஸ்கர் பக்கம் புயலில் அடிபட்டு, பழுது பார்த்துக்கொண்டு வந்து சேர்ந்தவர். எதிரியின் ஊர் எதையும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பாரிஸ் அவருக்குக் கொடுத்திருந்த கட்டளை. அதனால் 11 லட்சம் வராகன் வாங்கிக்கொண்டு சென்னையைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார். புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளே விடவில்லை. இந்திய மண்ணில் பிரெஞ்சு அதிகாரம் என்றால் அது தனக்குத்தான் என்றார். சென்னையைப் பிடித்தால் ஆற்காடு நவாப் அன்வருதீனிடம் தருகிறேன் என்று அவர் வேறு வாக்குக் கொடுத்திருந்தார். இருவர் கையிலும் முறையான நியமனப் பத்திரம் இருந்தது. யார் பெரியவர் என்று மட்டும் எந்தப் பத்திரமும் சொல்லவில்லை.

ஆட்கள் வந்தார்கள், கடிதங்கள் பறந்தன. ஒப்பந்தம் செல்லும், செல்லாது என்று மூன்று வாரம் ஓடியது. இதற்குள் ஐப்பசி வந்துவிட்டது. அக்டோபர் 13 இரவு புயல். சென்னைக்கு எதிரே நின்ற கப்பல்களில் சில மூழ்கின, தப்பியவை பாய்மரம் இழந்தன. 1,200 பேருக்கு மேல் மாண்டார்கள். இந்தக் கரையில் பிரெஞ்சுக்காரருக்கு இருந்த கப்பல் பலம் ஒரே இரவில் போனது, அதுவும் ஜெயித்த ஊருக்கு முன்னாலேயே. பத்து நாள் கழித்து லா பூர்தொனே மீதிக் கப்பல்களோடு கிளம்பிவிட்டார். பின்னாளில் பாரிஸில் அவரைப் பாஸ்டில் சிறையில் போட்டார்கள். 1751இல் குற்றமற்றவர் என்று விடுதலை, 1753இல் மரணம்.

சாயங்காலம் அடையாறு கழிமுகத்துக்குப் போனேன். வாக்குக் கொடுத்த சென்னை கைக்கு வராததால் நவாப் தன் மகன் மாபூஸ்கானைப் படையோடு அனுப்பியிருந்தார். கப்பல் இல்லாததால் புதுச்சேரியிலிருந்து நடந்தே வந்த பாரடிஸ் என்ற அதிகாரி, சுமார் 230 ஐரோப்பியர், 700 சிப்பாய்களோடு நவம்பர் 4 அன்று இந்த ஆற்றைக் கடந்து பத்தாயிரம் பேர் கொண்ட படையைக் கலைத்தார். இந்தியப் போர்முறையே மாறிய இடம் இது. பாலத்தில் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. நான் பார்த்தவரை ஒரு பலகைகூட இல்லை, மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். இந்தியர்கள் குடியிருந்த அன்றைய கறுப்பர் நகரம் கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி, இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் பக்கம் இருந்தது. பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் சுவரை ஒட்டிய வீடுகளை இடித்தார்கள். திரும்ப வந்த ஆங்கிலேயர்கள் பீரங்கிக்கு மறைப்பில்லாத வெளி வேண்டும் என்று மிச்சத்தையும் அகற்றினார்கள். 1757இல் சென்னகேசவப் பெருமாள் கோயிலும் போனது. பூக்கடையில் இன்று நாம் கும்பிடும் கோயில் பிறகு கட்டியது. தளபதிகள் சண்டை போட்ட கதைகளில் இந்த வீட்டுக்காரர்கள் ஒரு வரிகூட வருவதில்லை.

ஞாயிறு, ஆலம்பரை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடப்பாக்கத்தில் இறங்கி உள்ளே போனால் ஆலம்பரைக் கோட்டை. சுண்ணாம்பும் செங்கல்லுமாக உடைந்த சுவர்கள், பக்கத்தில் உப்பங்கழி, அதைத் தாண்டி மணல்மேடு, அப்புறம் கடல். நவாப் ஆட்களிடமிருந்து 1750 வாக்கில் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயரால் உடைக்கப்பட்டது.

1758 ஏப்ரல் 28 அன்று தாஷே என்ற பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவரின் கப்பல்கள் லாலி என்ற ஜெனரலைக் கொண்டுவந்து சேர்த்தன. மறுநாளே கடலூருக்கு எதிரே ஆங்கிலத் தளபதி போக்காக்கோடு சண்டை. சண்டை முடிந்து தாஷேயின் கப்பல்கள் வந்து ஒதுங்கியது இந்த ஆலம்பரைக்கு எதிரேதான். அங்கே பியென்-எமே என்ற பெரிய போர்க்கப்பல் நங்கூரக் கயிறு அறுந்து கரையில் மோதி நாசமானது. எதிரி குண்டுக்குத் தப்பிய கப்பல்.

உப்பங்கழியில் படகு ஓட்டும் பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. “சித்திரையிலயும் திடீர்னு ஒரு காத்து அடிக்கும் தம்பி. ஐப்பசி பொறந்துட்டா கேக்கவே வேணாம், வாடை திரும்பிடும். இந்தக் கரையில ஒதுங்க எடம் ஏது? கயிறு அறுந்தா நேரா மணல்லதான்.”

“அப்போ பெரிய கப்பல் வெச்சிருந்தவங்க என்ன அண்ணே பண்ணியிருப்பாங்க?”

“போயிட வேண்டியதுதான். நின்னா கப்பல் போச்சு.”

பிறகு லாலியைத் தனியே விட்டுப் போன தாஷே மேல் எனக்கு இருந்த கோபம் இதைக் கேட்டதும் கொஞ்சம் தணிந்தது. சோழமண்டலக் கரையில் பெரிய கப்பலுக்குத் துறைமுகம் கிடையாது. அக்டோபரில் ஆங்கிலக் கப்பல்கள் பம்பாய்க்கோ திருகோணமலைக்கோ போகும், பிரெஞ்சுக் கப்பல்கள் மொரீஷியஸுக்குப் போகும். பாய்மரம், கயிறு, உலர்ந்த ரொட்டி எதுவும் புதுச்சேரியில் போதுமான அளவு கிடைக்காது. கோட்டையை முற்றுகையிடும் ஜெனரலுக்கோ மாதக் கணக்கில் ஒரே இடத்தில் கப்பல் நின்றாக வேண்டும். ஒருவர் பார்ப்பது காற்றை, மற்றவர் பார்ப்பது சுவரை. இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்து இந்த வருஷம் இது, அடுத்த வருஷம் அது என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒரே கையில் இருந்திருக்க வேண்டும். அதை யாருக்கும் தராமல் இரண்டு பேரையும் ஒன்றாக அனுப்பியவர்கள் மேல்தான் முதல் குற்றம்.

திங்கள், புதுச்சேரி

காலையில் தெருப் பெயர்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். லாலி தொலாந்தால் தெரு, மாஹே லபூர்தொனே தெரு, சுஃப்ரன் தெரு. புஸ்ஸி தெரு இப்போது லால் பகதூர் சாஸ்திரி தெரு, டூப்ளே தெரு இப்போது நேரு வீதி. வாழ்ந்தபோது ஒரு மேசையில் உட்கார முடியாதவர்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். கடற்கரையின் தென்கோடியில் டூப்ளே சிலை. பாரதி பூங்கா பக்கம்தான் பழைய லூயி கோட்டை இருந்தது. அதில் ஒரு கல்லும் நிற்கவில்லை. 1761இல் ஆங்கிலேயர் அதை அடியோடு இடித்துவிட்டார்கள். நாம் இன்று ரசிக்கிற வெள்ளை நகரம் அதற்குப் பிறகு எழுந்தது. ஊரைச் சுற்றிப் போகும் புல்வார் சாலையில் ஒரு சுற்று நடந்தால் பழைய மதில் போன தடம் காலுக்குத் தெரியும்.

1758 ஜூனில் கடலூரின் புனித டேவிட் கோட்டையைப் பிடித்த கையோடு சென்னைக்குப் போய்விட வேண்டும் என்று லாலி துடித்தார். நீங்கள் கடலில் வாருங்கள், நான் கரையில் வருகிறேன் என்பது அவர் திட்டம். தாஷே மறுத்து, இலங்கைப் பக்கம் ஆங்கில வணிகக் கப்பல்களைத் தேடிப் போனார். பணமில்லாத லாலி பழைய கடனை வசூலிக்கத் தஞ்சாவூருக்குப் படையோடு போய், ஊரைப் பிடிக்க முடியாமல் திரும்பினார். ஆகஸ்ட் 3 அன்று தாஷே மறுபடி போக்காக்கிடம் அடிபட்டு, செப்டம்பர் தொடக்கத்தில் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் மொரீஷியஸ் போனார். லாலி டிசம்பரில் தனியாகச் சென்னையை முற்றுகையிட்டார். கறுப்பர் நகரத்துக்குள் நுழைந்த அவர் சிப்பாய்கள் கிடைத்த சாராயத்தைக் குடித்துக் கூத்தடித்தார்கள். இரண்டு மாதம் சுவரை உடைத்துக்கொண்டிருந்தபோது, 1759 பிப்ரவரி 16 மாலை கடலில் ஆங்கிலக் கப்பல்கள் தெரிந்தன. மறுநாள் முற்றுகை கலைந்தது. அன்று அங்கே தாஷேயின் கப்பல்கள் நின்றிருந்தால்? கேள்வி கேட்காமல் இருக்க முடியவில்லை.

அந்த வருஷம் செப்டம்பரில் தாஷே வந்தார். 10ஆம் தேதி இன்னொரு சண்டை, அப்புறம் புதுச்சேரி, உடனே திரும்பிப் போகிறேன் என்றார். நீர் போனால் இந்த ஊர் அழிவதற்கு நீரே பொறுப்பு என்று கவுன்சில் எழுதி அனுப்பியது. சில நாள் தாமதித்தார், போனார். பிறகு வரவேயில்லை. கரையிலும் ஒற்றுமை இல்லை. ராஜாவின் ஜெனரல் லாலி, பிரெஞ்சுக் கம்பெனியின் கவர்னர் லெரீ, இருவரும் ஒருவரையொருவர் திருடன் என்றே நினைத்தார்கள்.

மதியம் ஆனந்தரங்கப் பிள்ளை வீட்டுக்கு முன்னால் நின்றேன். டூப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகரும். கால் நூற்றாண்டு காலம் இந்த ஊரில் நடந்ததை நாட்குறிப்பாக எழுதி வைத்தவர். நகரம் விழுந்த அதே 1761 ஜனவரியில் இறந்தார். அவர் காலத்துத் தமிழ்க் குடிகளை நினைத்துக்கொண்டு நின்றதற்குக் காரணம் உண்டு. 1760 நவம்பர் இறுதியில், ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டு உள்ளே சாப்பாடு தீர்ந்துகொண்டிருந்தபோது, சுமார் 1,400 ஊர்க்காரர்களை லாலி மதிலுக்கு வெளியே துரத்தினார். ஆங்கிலேயர் அவர்களைத் தாண்டிப் போகவிடவில்லை. மதிலுக்குத் திரும்பியவர்களை உள்ளிருந்து சுட்டார்கள். ஆண், பெண், பிள்ளை எல்லோரும் இரண்டு படைக்கும் நடுவில் புல் வேரைத் தின்றுகொண்டு எட்டு நாள் கிடந்தார்கள். அதன் பிறகுதான் ஆங்கிலத் தளபதி கூட் வழிவிட்டார். கப்பல் வராததன் விலை அந்தத் திடலில்தான் கொடுக்கப்பட்டது. டூப்ளேக்குச் சிலை இருக்கும் ஊரில் இவர்களுக்கு ஒரு கல்லாவது நட வேண்டும். புல்வார் ஓரத்தில் அதற்கு இடமா இல்லை?

1761 ஜனவரி முதல் தேதி ஒரு புயல், முற்றுகையிட்ட ஆங்கிலக் கப்பல்கள் பலவற்றை உடைத்தது. ஆயிரத்துக்கு மேல் இறந்தார்கள். சில நாள் கடல் வழி திறந்தே கிடந்தது. உள்ளே வர ஒரு பிரெஞ்சுக் கப்பல் இல்லை. இரண்டு வாரத்தில் ஊர் சரணடைந்தது.

லாலியை 1766 மே 9 அன்று பாரிஸில் வாயைக் கட்டி அழைத்துப்போய்த் தலையை வெட்டினார்கள். முரட்டு மனிதர். கோட்டைக்குச் சாமான் தூக்க இந்த ஊர் ஆட்களைச் சாதி, தொழில் பாராமல் பிடித்து அடித்து ஓட்டியவர், 1,400 பேரைத் துரத்தியவர். அவருக்காக வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் ராஜத்துரோகம் என்ற தீர்ப்பு அநியாயம். தாஷே 1780 வரை வாழ்ந்தார்.

செவ்வாய், அரியாங்குப்பம், கடலூர்

ஒரே தலைவர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அரியாங்குப்பம் அதற்கு எதிர் சாட்சி. 1748இல் ஆங்கிலத் தளபதி பாஸ்கவனுக்குக் கடல், தரை இரண்டிலும் தலைமை கொடுத்திருந்தார்கள். அபூர்வமான நியமனம். அதுவரை இந்தியக் கடலில் கூடிய ஐரோப்பியப் படைகளில் பெரியது அவருடையது. அவர் முதலில் அரியாங்குப்பத்துச் சின்னக் கோட்டையிலேயே பல நாளை விட்டார். பிறகு புதுச்சேரி மதிலுக்கு வெகு தூரத்தில், சதுப்பு நிலத்துக்கு அந்தப் பக்கம் அகழி தோண்ட ஆரம்பித்தார். கரையில் ஆழமில்லாததால் கப்பல்கள் சுட்ட குண்டு மதிலை ஒன்றும் செய்யவில்லை. மழை வந்தது, அக்டோபரில் ஆயிரம் பேரை இழந்து திரும்பினார். அவர் கப்பல்காரர். முற்றுகை தெரிந்த பொறியாளர்கள் அவர் பக்கத்தில் இல்லை. அதிகாரம் ஒரு கையில் சேர்ந்தது, அறிவு சேரவில்லை. அடையாற்றில் ஜெயித்த பாரடிஸும் இந்த முற்றுகையில்தான் இறந்தார். அதற்கு முன் கடலூரைப் பிடிக்க அவரை டூப்ளே அனுப்ப நினைத்தபோது, சுவிஸ்காரருக்குக் கீழே வேலை செய்ய மாட்டோம் என்று மற்ற அதிகாரிகள் மறுத்ததையும் சேர்த்தே நினைத்துக்கொண்டேன்.

கடலூரில் தேவனாம்பட்டினம், கெடிலம் ஆற்றோரம். புனித டேவிட் கோட்டை என்று இன்று காட்டுவது சில சுவர்த் துண்டுகள். 1690இல் மராத்தியரிடம் வாங்கியபோது நாலாபுறமும் பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த இடம்வரை எல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். குண்டு உப்பலவாடி என்ற பெயர் அதன் மிச்சம். சென்னை பறிபோனபோது ஆங்கிலேயருக்கு இந்தக் கரையில் தலைமையிடம் இதுதான், கிளைவ் தப்பி ஓடி வந்ததும் இங்கேதான். 1749 ஏப்ரலில் பாஸ்கவனின் தலைமைக் கப்பல் நாமூர் இந்தப் பக்கத்துக் கடலில் புயலில் மூழ்கி 500க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். படகுக்காரர் சொன்ன சித்திரைக் காற்று.

நான் இங்கே வந்தது 1783க்காக. பிரெஞ்சு ஜெனரல் புஸ்ஸி கடலூருக்குள் மாட்டிக்கொண்டிருந்தார். வெளியே ஜெனரல் ஸ்டூவர்ட்டின் ஆங்கிலப் படை, கடலில் ஹியூஸின் 18 போர்க்கப்பல்கள். திருகோணமலையிலிருந்து பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் சுஃப்ரன் 15 கப்பல்களோடு வந்தார். பீரங்கி இயக்க ஆள் போதவில்லை. புஸ்ஸி தன் சிப்பாய்களில் 1,200 பேரைக் கப்பலுக்குக் கொடுத்தார். முற்றுகையில் இருக்கும் ஒருவர் தன் சுவரைக் காக்கும் ஆட்களை எடுத்துக் கடலில் ஏற்றுகிறார், அது சாதாரண விஷயமா? ஜூன் 20 சண்டை. ஹியூஸ் தண்ணீரும் ஆளும் இல்லாமல் சென்னைக்கு விலகினார். சுஃப்ரன் வாங்கிய 1,200 பேரோடு தன் ஆட்களையும் சேர்த்து 2,400 பேரைக் கரையில் இறக்கினார். ஸ்டூவர்ட்டுக்குக் கடல் வழியே வந்த சோறு நின்றுபோனது. முற்றுகையிட்டவர்தான் இப்போது சிக்கலில். தாஷேயும் லாலியும் செய்திருக்க வேண்டியதை 25 வருஷம் கழித்து இந்த இருவரும் செய்து காட்டினார்கள். இந்த நாலு நாளாகப் பார்த்ததில் எனக்கு மிகவும் பிடித்த இடம் கடலூர் கடற்கரைதான்.

ஜூன் கடைசியில் வெள்ளைக்கொடியோடு ஒரு ஆங்கிலக் கப்பல் வந்தது. ஐரோப்பாவில் ஜனவரி 20ஆம் தேதியே சமாதானம் கையெழுத்தாகிவிட்டது. ஜூன் 20 கடல் சண்டையில் மட்டும் இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 200 பேர் செத்திருந்தார்கள். ஸ்டூவர்ட்டுக்கும் சென்னை கவர்னர் மெக்கார்ட்னிக்கும் நடந்த சண்டை அதோடும் தீரவில்லை. யாருக்கு யார் கட்டுப்பட்டவர் என்ற அதே தகராறு. கவர்னர் அந்த வருஷமே ஜெனரலைக் கைது செய்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்றிவிட்டார்.